பழைய விளையாட்டுச் சாமான் பிள்ளையின் கைக்குப் போகுமுன்

திருகோணமலையில் ஒரு பிள்ளையின் கைக்குப் பழைய விளையாட்டுச் சாமான் வந்து சேரப் பல வழிகள் இருக்கின்றன. லண்டனில் இருக்கும் மாமி அனுப்பும் பார்சலில் வரும். தேவாலயத்திலோ பாடசாலையிலோ தரும காரியத்துக்காக நடத்தும் விற்பனையில் கிடைக்கும். பழைய சாமான் கடையில், போத்தல் பேப்பர் எடுக்க வருபவரின் சாக்கில், முகநூலில் படம் போட்டு விற்பவரிடம் கிடைக்கும். டொக்யார்ட்டில் வேலை செய்த பாட்டனாரின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போதும் அகப்படும். 1957 வரை பிரித்தானியக் கடற்படை தளம் வைத்திருந்த துறைமுகம் இது. அந்தக் காலத்துத் தகரக் காரோ ஈயச் சிப்பாயோ ஏதாவது ஒரு வீட்டில் இன்னமும் இருந்தால் வியப்பில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நிலாவெளிக்கும் வெளிநாடுகளிலிருந்து வந்து இறங்கிய நிவாரணப் பெட்டிகளில் உடுப்புகளோடு பொம்மைகளும் இருந்தன.

வழி எதுவாக இருந்தாலும் ஒன்று மட்டும் அநேகமாகக் கூட வருவதில்லை. அந்தச் சாமான் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது, எந்த வயதுப் பிள்ளைக்கு, என்ன பூச்சுப் பூசி என்ற விபரம்தான் அது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்தக் குறைதான். பழைய சாமானில் விளையாடுவது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. இன்றைய விலைவாசியில் பல குடும்பங்களுக்கு அதுவே ஒரே வழி. ஆனால் தெரியாத சாமானைத் தெரிந்ததுபோலப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறோம். அதை நிறுத்த வேண்டும்.

இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் தரும விற்பனைக் கடைகளை எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் பலர் ஊருக்கு அனுப்பும் பொம்மைகளை அங்கேதான் வாங்குகிறார்கள். பொருட்பாதுகாப்புப் பற்றிய அந்நாட்டின் 2005 ஆம் ஆண்டு விதிகள் பழைய பாவனைப் பொருட்களுக்கும் பொருந்தும். ஐரோப்பியச் சந்தைக்கு வரும் விளையாட்டுப் பொருளில் ‘சீஈ’ குறி இருக்க வேண்டும் என்பது 1990 முதல் நடைமுறையில் இருந்து வந்தது. அந்தக் குறி இல்லாத பொம்மையைப் பிள்ளைகளுக்கென்று விற்கப் பல தரும கடைகள் மறுத்துவிடுகின்றன. அந்தக் குறி வருமுன் செய்த சாமானை ‘சேகரிப்போருக்கு மட்டும்’ என்று சீட்டு ஒட்டித் தனியாக வைப்பார்கள். பழம்பொருளாக விற்பதற்கு விதியில் விலக்கும் உண்டு. அதை வாங்கும் நம் உறவினர் சீட்டைக் கிழித்துவிட்டு, துடைத்து, பெட்டியில் போட்டு அனுப்புகிறார். அன்போடுதான் அனுப்புகிறார். அங்கே கண்ணாடி அலுமாரியில் வைக்க விற்ற கார், இங்கே உப்புவெளியில் இரண்டு வயதுப் பிள்ளையின் வாய்க்குள் இருக்கிறது.

வாய்க்குள் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஈயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஈயம் கலந்த பெயின்ற் நிறத்தைப் பளிச்சென்று வைத்திருக்கும், விரைவில் உலரும், உப்புக்காற்றிலும் நெடுநாள் தாங்கும். அதனால்தான் கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் விளையாட்டுச் சாமான்களுக்கும் தொட்டில்களுக்கும் அதைப் பூசினார்கள். மஞ்சளும் சிவப்பும் பச்சையும் இதில் முக்கியமானவை. பழசாகும்போது பூச்சு செதிலாக உரியும், மாவாக உதிரும். பிள்ளை அதைக் கையில் பிடித்து, கையை வாயில் வைக்கும். வளர்ந்தவரின் உடல் உள்வாங்குவதைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தைச் சிறு பிள்ளையின் உடல் உள்வாங்கிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளைக்கு அது இன்னும் கூடும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பதும் அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. பாதிப்பு காய்ச்சல்போல வெளியே தெரியாது. கவனம் சிதறும், படிப்பு பின்தங்கும், சோர்வு, வயிற்றுவலி, மலச்சிக்கல் வரும். இவற்றைக் கண்டு ஈயம் என்று யாரும் நினைப்பதில்லை. பிள்ளை குழப்படி, படிப்பில் மந்தம் என்று சொல்லிவிடுகிறார்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு திரும்பச் சீராகாமலும் போகலாம்.

பூச்சு மட்டுமல்ல, சாமானே ஈயமாக இருப்பதும் உண்டு. பிரித்தானியாவில் 1893 முதல் 1960கள் வரை உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்கள் ஏராளமாக வார்க்கப்பட்டன. நமது வீடுகளில் ‘இரும்புப் பொம்மை’ என்று சொல்லப்படும் கனமான சின்ன உருவங்களில் சில இந்த வகையாக இருக்கலாம். இரும்பானால் காந்தம் ஒட்டும், ஈயத்தில் ஒட்டாது. கடதாசியில் உரசினால் ஈயம் சாம்பல் நிறக் கோடு விடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய துத்தநாகக் கலவைக் கார்கள் சில, கலவையில் தவறிச் சேர்ந்த சிறிதளவு ஈயத்தால், காலப்போக்கில் வெடிப்புக் கண்டு தானாகவே உதிரும். அந்தத் துண்டுகள் கூரானவை.

2006 இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் சப்பாத்தோடு இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியின் இதய வடிவப் பதக்கத்தை விழுங்கிவிட்டான். அதில் 99 வீதம் ஈயம் இருந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். அது புதிய பொருள், பெரிய நிறுவனத்தின் பெயரோடு வந்தது. அடுத்த ஆண்டு, 2007 இல், மட்டெல் நிறுவனம் ஈயப் பூச்சுக் காரணமாகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. ஆகவே புதிதெல்லாம் நல்லது, பழையதெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதிதில் தவறு நடந்தால் திரும்பப் பெற ஒரு நிறுவனம் இருக்கிறது. திரும்பப் பெறச் சொன்ன அதே பொம்மை ஒரு வீட்டுப் பரணில் தங்கி, பத்து வருடம் கழித்துத் தரும விற்பனைக்கு வந்தால், அதைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

இலங்கையில் இதற்கு ஒரு சட்டம் உண்டு, அது போராடிப் பெற்றது. வர்ணப்பூச்சுகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தக் கோரிச் சுற்றாடல் நீதிக்கான மையம் 2011 இல் உயர் நீதிமன்றத்தை நாடியது. அதே ஆண்டில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை வர்த்தமானி மூலம் கட்டளை வெளியிட்டது. 2013 ஜனவரி 1 முதல் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களுக்குப் பூசும் பெயின்றில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. எனாமல் பெயின்றுக்கு வரம்பு 600. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. 2013 க்கு முன் பூசிய எந்த உள்ளூர்ச் சாமானுக்கும் இந்தக் காவல் கிடையாது. அடுத்தது, வீட்டுக் கதவுக்கு வாங்கி மிஞ்சிய எனாமல் பெயின்றால் பழைய மரவண்டிலையோ தொட்டிலையோ ஆடுகுதிரையையோ புதுசாக்கிக் கொடுக்கும் நல்ல மனம் கொண்ட தாத்தாமார் கவனிக்க வேண்டும்: அந்தப் பெயின்ற் விளையாட்டுச் சாமானுக்கான வரம்புக்குள் வரவேண்டியதில்லை. பழைய பூச்சை அரத்தாளால் உரசுவது அதைவிட மோசம். அந்தத் தூசு வீடு முழுக்கப் பரவும்.

பிளாஸ்ரிக்கும் தப்பவில்லை. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ டேர்னர் என்ற ஆய்வாளர் வீடுகள், முன்பள்ளிகள், தரும கடைகளிலிருந்து 200 பழைய பிளாஸ்ரிக் பொம்மைகளை எடுத்துச் சோதித்து 2018 இல் முடிவை வெளியிட்டார். ஈயம், கட்மியம், குரோமியம் உட்பட நச்சுத் தனிமங்கள் பலவற்றில் இருந்தன. சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறத் துண்டுகளில் அவை அடிக்கடி கூடுதலாகக் காணப்பட்டன. கட்டி விளையாடும் பழைய கட்டைகளும் அவற்றில் அடக்கம். மென்மையான பழைய பிவிசி பொம்மைகளை நெகிழ்ச்சியாக்கச் சேர்த்த தலேற் இரசாயனங்களை ஐரோப்பா 1999 முதல் பிள்ளைகளின் பொருட்களில் தடுக்கத் தொடங்கியது. தொட்டால் பிசுபிசுப்பாக, எண்ணெய் கசிந்ததுபோல இருக்கும் பழைய பொம்மையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கழுவினாலும் அது தீராது, உள்ளிருந்து வருவது அது.

ஈயம் மெல்லக் கொல்லும். மணித்தியாலக் கணக்கில் கொல்லும் ஒன்றும் இருக்கிறது: பொத்தான் பற்றரி. பாட்டுப் பாடும் பொம்மை, மின்னும் சாவிக்கொத்து, பழைய ரிமோட் ஆகியவற்றில் இருக்கும். புதிய பொம்மைகளில் பற்றரி மூடி திருகாணியால் இறுக்கியிருக்கும். கைமாறி வந்ததில் அந்தச் சின்ன ஆணி தொலைந்து, மூடி பசை நாடாவால் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். காலியான பற்றரியும் ஆபத்துத்தான். 20 மில்லிமீற்றர் அளவுள்ள லிதியம் பற்றரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணித்தியாலத்தில் தசையை எரித்துப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். பிள்ளை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது நேரே மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறோ வாழைப்பழமோ கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். பிள்ளை ஒரு வயதைக் கடந்து, விழுங்க முடிந்த நிலையில் இருந்து, பற்றரி போய் 12 மணித்தியாலம் ஆகவில்லை என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் புண்ணைத் தாமதப்படுத்தும், பற்றரியை எடுக்காது. தேன் தேடிக் கடைக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். காந்த உருண்டைகள் இரண்டோ அதற்கு மேலோ விழுங்கப்பட்டாலும் இதே அவசரம்தான். குடலின் இரு பக்கத்திலிருந்து ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும். ஆனால் அதற்குத் தேன் வேண்டாம், நேரே வைத்தியசாலைதான்.

மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும் குச்சவெளிப் பக்கத்திலும் வாழ்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல, ஆனாலும் இங்கே சொல்லாமல் விட முடியாது. பழைய இரும்புக் குவியலில் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் தேடுவார்கள். பளபளக்கும் குழாய், வால் முளைத்த உலோகத் துண்டு, மூடி போட்ட பச்சைப் பிளாஸ்ரிக் தட்டு எல்லாம் அவர்கள் கண்ணுக்கு விளையாட்டுச் சாமான்தான். யுத்தம் விட்டுச் சென்ற வெடிபொருட்கள் அப்படித்தான் இருக்கும். தொடக்கூடாது, தட்டக்கூடாது, கல் எறியக்கூடாது. வந்த வழியே திரும்பி நடந்து, பெரியவருக்குச் சொல்லி, 119 க்கு அறிவிக்க வேண்டும். இரும்பு வாங்குவோர் சங்கடப்படக்கூடும், என்றாலும் சொல்கிறேன்: எடைக்கு வந்த சாக்கைப் பிள்ளைகள் கிளற விடாதீர்கள்.

சரி, எதைத்தான் வாங்கலாம்? பூச்சில்லாத மரம் நல்லது. கழுவி வெயிலில் காயவைக்கக்கூடிய துணிப்பொம்மை நல்லது, கண்ணும் பொத்தானும் இழுத்தால் வராமல் இருந்தால். பந்து, புத்தகம், சதுரங்கப் பலகை, கொஞ்சம் பெரிய பிள்ளைக்குப் பழைய சைக்கிள் ஆகியவற்றில் பயப்பட அதிகமில்லை. சைக்கிளில் பிரேக்கையும் பூச்சு உரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழ் என்றால், உறுதியாக ஓர் அளவு உண்டு: மூன்று சென்ரிமீற்றருக்கும் கொஞ்சம் கூடிய விட்டமுள்ள குழாய்க்குள் விழக்கூடிய எந்தத் துண்டும் ஆகாது. பழைய புகைப்படச் சுருள் டப்பா அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு வெடித்த தகரச் சாமான், கனமான சிற்றுருவம், பிசுபிசுப்பான பொம்மை, எப்போது செய்தது என்று தெரியாத மஞ்சள், சிவப்புப் பிளாஸ்ரிக் ஆகியவை பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் பிள்ளைக்கு வேண்டாம். கடையில் விற்கும் ஈயச் சோதனைக் குச்சிகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவை இருப்பதை இல்லையென்றும் காட்டும். நம் ஊரில் நுங்குக் கோதில் வண்டில் உருட்டியும் பனையோலைக் கிலுக்கு ஆட்டியும் வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. செய்யத் தெரிந்தவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். காசும் மிச்சம், பெயின்றும் இல்லை.

பழைய தகரக் கார் அகப்பட்டால் எறிய வேண்டும் என்பதல்ல. அது சேகரிப்போருக்கு மதிப்புள்ள பொருளாக இருக்கலாம். வர்ணம் பூசினாலும் மினுக்கினாலும் மதிப்பு போய்விடும், பெட்டி இருந்தால் கூடும். வீடு தேடி வந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சில நூறு ரூபா தருகிறேன் என்பவரிடம் அன்றைக்கே கொடுத்துவிடாதீர்கள். படமெடுத்து, அடியில் பொறித்திருக்கும் நிறுவனப் பெயரைத் தேடிப் பார்த்து, இன்னும் இருவரிடம் விலை கேளுங்கள். அதுவரை பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இனி உரிமை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வர்த்தகரிடம் காசு கொடுத்துப் பொருள் பெறுபவரைப் பாவனையாளராகக் கொள்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வர்த்தகரின் கடமை, அது 28 ஆம் பிரிவு. 50 ரூபாச் சாமானுக்கும் கேட்கலாம். பொருளைப் பற்றித் தவறான தகவல் சொல்லி விற்பதும் அதே சட்டத்தின் கீழ்க் குற்றம். தரத்துக்கோ கொடுத்த உத்தரவாதத்துக்கோ ஒவ்வாத பொருளைப் பற்றி 13 ஆம் பிரிவின்கீழ் முறையிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, நட்டஈடு வழங்கவோ அதிகாரசபை உத்தரவிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதம் பலருக்குத் தெரியாததால்தான் வழக்கு கைநழுவுகிறது. அதிகாரசபையின் தொலைபேசி 1977. உட்துறைமுக வீதியில் இருக்கும், நாம் கச்சேரி என்று சொல்லும் மாவட்டச் செயலகத்திலும் விசாரிக்கலாம். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை.

இன்னொரு பழைய சட்டமும் கைகொடுக்கும். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைக் கடைக்காரருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், அந்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை விற்பனையில் தானாகவே அடங்கும். அதனால் வாய் திறந்து சொல்லுங்கள்: “அண்ணை, இது மூண்டு வயசுப் பிள்ளைக்கு. குடுக்கலாமோ?” பக்கத்தில் ஒருவர் கேட்கச் சொல்லுங்கள். முகநூலில் வாங்கினால் எழுத்தில் கேளுங்கள், பதிலைப் படமெடுத்து வையுங்கள், முன்பணம் அனுப்பாதீர்கள். நீங்களே கையில் எடுத்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரிந்த வெடிப்போடு வாங்கியதைப் பிறகு குறையென்று சொல்வது கடினம். சிறு தொகைத் தகராறு என்றால் பிரதேசத்து மத்தியஸ்த சபையை நாடலாம்.

இலவசமாகக் கொடுத்ததற்கு இவை எதுவும் பொருந்தாது. காசு கைமாறாத இடத்தில் பாவனையாளர் இல்லை. சுனாமிக் காலப் பெட்டிகளிலிருந்து இன்று முன்பள்ளிகளுக்கு வரும் அன்பளிப்பு மூட்டைகள் வரை இந்த வெற்றிடத்தில்தான் இருக்கின்றன. மிகவும் ஏழைப் பிள்ளையிடம் போகும் சாமானுக்கே சட்டக் காவல் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். பிள்ளைகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1991 இல் இணைந்தது. அதன் 31 ஆம் உறுப்புரை விளையாடுவதைப் பிள்ளையின் உரிமையாகச் சொல்கிறது. நஞ்சோடு வரும் விளையாட்டு அந்த உரிமையை நிறைவேற்றாது. சட்டம் வரும்வரை கொடுப்பவர்கள் செய்யக்கூடியது எளியது. சாமானோடு ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்: ஏறத்தாழ எந்த ஆண்டு வாங்கியது, எந்த வயதுக்கு, பற்றரி உண்டா, மீண்டும் பூச்சுப் பூசியதா. தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால் நல்லது. வெளிநாட்டுக் கடையில் ஒட்டியிருந்த சீட்டைக் கழற்றாமல் அனுப்புங்கள். தரும விற்பனை நடத்தும் சங்கங்கள் மேசையைப் பிரித்து, ஒன்றில் பிள்ளைகளுக்கானவை, மற்றதில் வளர்ந்தோர் வாங்கி வைப்பவை என்று எழுதிப் போடலாம். முன்பள்ளி ஆசிரியைகள் மூட்டையை நன்றியோடு வாங்கி, தனியறையில் பிரித்துப் பார்த்து, ஆகாததை ஒதுக்கிய பிறகே வகுப்புக்குக் கொண்டுபோகலாம். கொடுத்தவர் மனம் நோகும் என்ற தயக்கம் வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டவும் தயங்க வேண்டாம்.

பூச்சு உரிந்த சாமானைப் பிள்ளை நெடுநாளாகக் கடித்து வந்திருந்தால் பதறாமல் அதை எடுத்து ஒரு பையில் கட்டுங்கள், வைத்தியரிடம் காட்டத் தேவைப்படும். பிள்ளையின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாறு தூசைக் கிளப்பும். குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ விஷயத்தைச் சொல்லி, இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் சோர்வுக்கும் வயிற்றுவலிக்கும் மட்டும் மருந்து கிடைக்கும். நச்சுப் பொருள் பற்றி வைத்தியர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை சொல்லும் தேசிய நச்சுத் தகவல் நிலையம் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இருக்கிறது. முருங்கையிலை, மீன், பருப்பு, பால் என்று இரும்பும் கல்சியமும் உள்ள சாப்பாடு ஈயம் உடலில் ஏறுவதைக் குறைக்கும், ஏறியதை வெளியேற்றாது.

ஒதுக்கிய சாமானை முற்றத்தில் போட்டு எரிக்காதீர்கள், புகையில் ஈயமும் பிவிசியின் நஞ்சும் போகும். போத்தல் பேப்பர்காரரின் சாக்கில் முழுதாகப் போட்டால் அது அடுத்த ஒழுங்கையில் இன்னொரு பிள்ளையிடம் போகும். இறுகக் கட்டி, மேலே ‘பிள்ளைகளுக்கு ஆகாது’ என்று எழுதி, உள்ளூராட்சி சபையின் குப்பை வண்டியில் கையளியுங்கள். பற்றரியைக் கழற்றி, இரு பக்கமும் பசை நாடா ஒட்டித் தனியாகக் கொடுங்கள்.